காவிரிப் படுகையில் திறந்தவெளி மரத்தளம்: பூச்சும் பராமரிப்பும்

வானம் பார்த்துக் கிடக்கும் மரத்தளம் எதனால் கெடுகிறது என்பதில் தெளிவு இருந்தால், எதைப் பூசுவது, எப்போது பூசுவது, எதைத் தவிர்ப்பது என்ற கேள்விகளில் பாதிக்கு மேல் விடை கிடைத்துவிடும். மரத்தை மட்கச் செய்யும் பூஞ்சை, மரத்தின் ஈரப்பதம் ஏறத்தாழ 20 சதவீதத்தைத் தாண்டி அங்கேயே பல நாட்கள் நிலைத்தால்தான் தன் வேலையைத் தொடங்கும். ஒரு மணி நேரம் கொட்டி ஓய்ந்து, பிறகு காற்றில் உலர்ந்துவிடும் மழையால் வைரம் பாய்ந்த தேக்குக்கு எதுவும் நேர்வதில்லை. பலகைச் சந்தில் அடைந்த வேப்பஞ்சருகின் அடியிலும், பூந்தொட்டியின் அடியிலும், திருகாணித் தலையைச் சுற்றிய பள்ளத்திலும் தேங்கும் ஈரமே தளத்தைத் தின்கிறது. காவிரிப் படுகையில் இது கூடுதல் கவனத்துக்குரியது. வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் பிடித்தால் கார்த்திகை கடந்தும் விடாமல் பெய்யும். மார்கழியில் மழை குறைந்தாலும் பனி விடிய விடிய இறங்கும். மழையே இல்லாத நாட்களிலும், மேட்டூரில் திறந்த தண்ணீர் வாய்க்காலுக்கு வந்துவிட்டால் கொல்லை மண் ஈரம் கோத்துவிடும். ஆகவே, நனைவதைத் தடுக்கப் பாடுபடுவதைவிட, நனைந்தது விரைவில் உலர வழி செய்வதே இங்கு முதன்மையான வேலை. கீழே சொல்லப்படும் ஒவ்வொரு முறையும் இந்த ஒரு நோக்கத்துக்காகவே.

மரமும் அடித்தளமும்

பூச்சு எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், தவறான மரத்தையும் காற்றோட்டமில்லாத அடித்தளத்தையும் அது காப்பாற்றாது. தேக்கு, வேங்கை, கோங்கு, நன்கு முற்றிய கருமருது ஆகியவை வெளித்தளத்துக்கு ஏற்றவை. இலுப்பை, தேர் செய்யும் தச்சர்கள் தலைமுறை தலைமுறையாக நம்பிக் கையாண்டுவரும் மரம். பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் இலுப்பை உத்திரங்களை அறுத்துப் பலகையாக்கினால் உறுதியான தளம் அமையும். பழைய மரத்தில் இன்னொரு நன்மையும் உண்டு: அது பல பத்தாண்டுகள் உலர்ந்து, சுருங்கவேண்டிய அளவுக்குச் சுருங்கி முடிந்திருக்கும். அறுவை மில்லுக்கு அனுப்புமுன் உள்ளே புதைந்திருக்கும் பழைய ஆணிகளைக் காந்தத்தால் தடவிக் கண்டுபிடித்துப் பிடுங்கிவிட வேண்டும்.

புதிதாக வாங்கும் தேக்கில் பார்க்கவேண்டியது வைரத்துக்கும் வெள்ளைக்கும் உள்ள வேறுபாடு. தேக்கின் பெயரும் புகழும் அதன் உள்மரமாகிய வைரத்துக்கே உரியவை. வெளிச்சுற்றில் இருக்கும் வெள்ளைப் பகுதி, சாதாரண மரத்தைப் போலவே கரையானுக்கும், மரத்தைத் துளைத்து மாவாக்கும் உளு வண்டுக்கும் இரையாகும். வயல் வரப்பிலும் தோப்பு ஓரத்திலும் வளர்த்து இளமையிலேயே வெட்டிய மரங்களில் வெள்ளை அகலமாக இருக்கும். மரக்கடையில் பலகையைத் தண்ணீர் தொட்டுத் துடைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் நடுவிலுள்ள கோடு தெளிவாகத் தெரியும். ஓரத்தில் விரல் அகலம் வெள்ளை ஓடும் பலகையைக்கூட மேல்தளத்துக்கு வாங்காதீர்கள். விலை குறைவு என்று கடைக்காரர் எவ்வளவு வற்புறுத்தினாலும் அது சில மழைக்காலங்களே தாங்கும்.

தளத்தைத் தாங்கும் சட்டங்கள் மண்ணைத் தொடக்கூடாது. அக்ரகாரத்து வீடுகளின் திண்ணைத் தூண்கள் கருங்கல் பீடத்தின்மேல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மரத்துக்கும் மண்ணுக்கும் இடையே கல் இருந்தால் ஈரம் ஊறி மேலேறாது, கரையானும் மறைவாக ஏற முடியாது. அதே முறையில் தளத்தின் கால்களைக் கல் அல்லது கான்கிரீட் பீடத்தின்மேல் நிறுத்தி, மண்ணுக்கும் சட்டத்துக்கும் இடையே குறைந்தது முக்கால் அடியாவது வெற்றிடம் விடுங்கள். களிமண் பூமியாக இருந்தால் அடியில் ஜல்லி பரப்பி, மழைநீர் ஒரு பக்கமாக ஓடும்படி வாட்டம் வைப்பது அவசியம். பக்கவாட்டில் அழகுக்காகச் செங்கல் வைத்து அடைத்துவிடுவோர் உண்டு. அப்படிச் செய்தால் தளத்தின் அடிப்பகுதி ஐப்பசி முதல் தை வரை உலரவே உலராது. அடைத்தே ஆகவேண்டுமென்றால், காற்று எதிரெதிர்ப் பக்கங்களில் புகுந்து வெளியேறும்படி இடைவெளி விட்ட சட்டங்களால் அடையுங்கள்.

ஓர் அங்குலத் தடிமனும் நான்கு அங்குல அகலமும் உள்ள பலகைகளுக்குத் தாங்குசட்டங்கள் ஒன்றேகால் அடிக்கு ஒன்றாக இருந்தால் போதும். பலகைகளுக்கு இடையே விடும் சந்துதான் பெரும்பாலும் தவறாகிறது. மரம் ஈரம் ஏறும்போது அகலவாக்கில் பெருக்கும், இறங்கும்போது சுருங்கும். நீளவாக்கில் ஏறக்குறைய மாறாது. கோடையில் 12 சதவீத ஈரத்துடன் இருக்கும் நான்கு அங்குலத் தேக்குப் பலகை, அடைமழையில் 17 சதவீதத்துக்கு வந்தால் சுமார் ஒரு மில்லிமீட்டர் பெருக்கும். தேக்கு குறைவாகப் பெருக்கும் மரம், மற்ற மரங்கள் இதைவிடக் கூடுதலாகவே பெருக்கும். பெருத்த பிறகும் தண்ணீர் விழவும் சருகை நெம்பி எடுக்கவும் இடம் வேண்டும் என்பதால், கோடையில் தளம் போடும்போது 5 மில்லிமீட்டர் சந்து விடுங்கள். சந்தில் பட்டி, சிலிக்கான் போன்ற எதையும் அடைக்காதீர்கள். பள்ளக் கோடுகள் செதுக்கிய பலகைகள் வழுக்காது என்று சொல்லி விற்கப்படுகின்றன. ஆனால் அந்தக் கோடுகளில் தூசியும் பாசியும் தங்கி, மழைக்காலத்தில் வழுவழுப்பான பலகையைவிட மோசமாக வழுக்கும். அத்தகைய பலகை ஏற்கெனவே கையில் இருந்தால், வழுவழுப்பான பக்கத்தை மேலே வைத்து அடியுங்கள்.

இரும்பு ஆணியும் துத்தநாகம் பூசிய திருகாணியும் வேண்டாம். தேக்கு, வேங்கை, கருமருது ஆகியவற்றிலுள்ள துவர்ப்புச் சத்து இரும்புடன் சேர்ந்து கருநீலமாக மாறும். ஒரே மழைக்காலத்தில் ஒவ்வொரு ஆணியைச் சுற்றியும் மையொழுகியது போன்ற கறை படர்ந்துவிடும். எவர்சில்வர் திருகாணிகளில் 304 என்ற தரம் தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி போன்ற உள்நாட்டு ஊர்களுக்குப் போதுமானது. உப்புக்காற்று அடிக்கும் நாகப்பட்டினம், தரங்கம்பாடி, பூம்புகார், வேதாரண்யம் போன்ற இடங்களில் 316 தரத்தையே வாங்குங்கள். விலை கூடுதலானாலும் அதில் சேர்ந்துள்ள மாலிப்டினம் என்ற உலோகம் உப்பின் அரிப்பைத் தாங்கும். ஒவ்வொரு திருகாணிக்கும் முன்கூட்டியே துளையிட வேண்டும், இல்லையெனில் பலகையின் முனை பிளக்கும், அல்லது திருகாணியின் கழுத்து ஒடியும். திருகாணித் தலை பலகையின் மேற்பரப்போடு சமமாக நிற்கட்டும். ஆழமாக இறக்கினால் அந்தக் குழி தண்ணீர்க் கிண்ணமாகிவிடும்.

வார்னிஷா, எண்ணெயா

வீட்டுக் கதவுக்கு வார்னிஷ் அடித்துப் பளபளப்பைப் பார்த்தவர்கள் தளத்துக்கும் அதையே கேட்கிறார்கள். வார்னிஷும் பாலியூரித்தேனும் மரத்தின்மேல் ஒரு தோலாகப் படிபவை. கதவின்மேல் மழை நேரடியாக விழுவது குறைவு, அதை யாரும் மிதிப்பதும் இல்லை. தளத்திலோ மரம் ஓயாமல் பெருத்துச் சுருங்குகிறது. தோல் அந்த அசைவுக்கு ஈடுகொடுக்காமல் முதலில் பலகை முனையிலும் திருகாணித் துளையிலும் மயிரிழை அளவுக்கு வெடிக்கிறது. அந்த வெடிப்பு வழியே உள்ளே போன தண்ணீர் வெளியேற வழி இல்லாமல் தோலுக்கடியில் தங்குகிறது. சித்திரை வெயிலில் அது ஆவியாகித் தோலைக் கொப்பளமாகத் தூக்குகிறது. பிறகு முழுத் தளத்தையும் சுரண்டி எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. அரக்குப் பாலிஷ் வெளியில் அறவே ஆகாது. ஒரு மழையில் வெளுத்துவிடும். ஆகவே மரத்துக்குள் இறங்கி, மேற்பரப்பில் தோல் படியாமல் நிற்கும் எண்ணெய்ப் பூச்சையே பரிந்துரைக்கிறேன். தேய்ந்தால் தேய்ந்த இடத்தில் மட்டும் மறுபடி பூசலாம், சுரண்ட வேண்டியதில்லை.

எந்த எண்ணெய் என்பதில் தெளிவு தேவை. வீட்டில் இருக்கும் நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய், வேப்பெண்ணெய் ஆகியவற்றைத் தளத்தில் பூசாதீர்கள். எண்ணெய்கள் எல்லாம் ஒரே வகையானவை அல்ல. ஆளிவிதை எண்ணெயும், டங் என்ற மரத்தின் கொட்டையிலிருந்து பிழியும் டங் எண்ணெயும் காற்றிலுள்ள உயிர்வாயுவை ஏற்று இறுகித் திடமாகும். தேங்காய் எண்ணெயும் விளக்கெண்ணெயும் எத்தனை மாதமானாலும் இறுகாது. நல்லெண்ணெய் ஓரளவே, அதுவும் மிக மெதுவாகவே இறுகும். நிலைக்கதவுக்கு அவ்வப்போது ஒரு துளி நல்லெண்ணெய் தொட்டுத் துடைப்பது வேறு, கால் படும் தளத்தில் பூசுவது வேறு. பிசுபிசுப்பில் தூசி ஒட்டிக் கருக்கும், எறும்பு மொய்க்கும், மழைக்காலத்தில் பூஞ்சைக்கு அதுவே உணவாகும்.

வெறும் ஆளிவிதை எண்ணெயும் இந்தத் தட்பவெப்பத்துக்கு முழுப் பொருத்தமில்லை. அது இறுகினாலும் ஈரக்காற்றில் கரும்பூஞ்சை பிடிக்கும். பூஞ்சைத் தடுப்பு மருந்தும் பிசினும் சேர்த்து, வெளித்தளத்துக்கு என்றே குறிப்பிட்டு விற்கப்படும் எண்ணெயை வாங்குங்கள். தேக்கு எண்ணெய் என்ற பெயரில் வருபவை தேக்கிலிருந்து பிழிந்தவை அல்ல. ஆளிவிதை அல்லது டங் எண்ணெயுடன் பிசினும் தின்னரும் கலந்த கலவைகளே. அவற்றில் பல, வீட்டுக்குள் இருக்கும் நாற்காலி மேசைக்காகச் செய்தவை என்பதால், டப்பாவில் வெளிப்புறப் பயன்பாடு, புறஊதாத் தடுப்பு, பூஞ்சைத் தடுப்பு ஆகிய மூன்றும் எழுதியிருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள்.

நிறமற்ற எண்ணெய் மரத்தின் நிறத்தைக் காக்கும் என்று பலர் நம்புகிறார்கள். வெயிலின் புறஊதாக் கதிர், மரநார்களை ஒட்டவைத்திருக்கும் லிக்னின் என்ற பொருளைச் சிதைக்கிறது. சிதைந்ததை மழை கழுவிச் சென்றபின் மிஞ்சும் நார்தான் சாம்பல் நிறமாகத் தெரிகிறது. நிறமற்ற எண்ணெய் வழியே அந்தக் கதிர் தாராளமாக உள்ளே போகும். அதைத் தடுப்பவை எண்ணெயில் கலந்த நுண்ணிய நிறமித் துகள்கள், அதிலும் குறிப்பாக இரும்பு ஆக்சைடு. நமது வீட்டுச் சுவர்களில் பட்டை தீட்டும் காவியின் செம்மைக்கும் காரணம் அதே பொருள்தான். ஆகவே தேன் நிறமோ இளஞ்செம்பழுப்போ கொண்ட எண்ணெயைத் தேர்ந்தெடுங்கள். மிக அடர்ந்த நிறம் வேண்டாம். மர ரேகை மறையும், வெயிலில் காலை வைக்க முடியாத அளவுக்குச் சூடேறும்.

எதுவும் பூசாமல் தேக்கைச் சாம்பல் நிறத்துக்கு விட்டுவிடுவதும் முறையான வழிதான். முற்றிய தேக்கு வைரமாக இருந்து, அடியில் காற்றோட்டமும் இருந்தால், பூச்சில்லாத தளம் வலுவில் குறையாது. அப்படி விடுபவர்கள் பலகை முனைகளுக்கு மட்டுமாவது எண்ணெய் வையுங்கள், சுத்தம் செய்வதில் சற்றும் தளராதீர்கள். மற்ற மரங்களுக்கு இந்த வழி ஏற்றதல்ல.

எப்போது பூசுவது

மாசி முதல் பங்குனி நடுப்பகுதி வரை உள்ள காலமே மிகச் சிறந்தது. மழை ஓய்ந்து மரம் உலர்ந்திருக்கும், மார்கழிப் பனி விலகியிருக்கும், கத்திரி வெயில் இன்னும் வந்திருக்காது. இரண்டாவது காலம் ஆவணியின் பிற்பகுதியும் புரட்டாசியின் முற்பகுதியும். ஐப்பசி அடைமழைக்கு முன்னால் ஒரு மெல்லிய பூச்சு வைப்பதற்கு அது உரிய நேரம், இடையில் வரும் மாலை மழையை மட்டும் கவனித்துக்கொள்ள வேண்டும். ஆடியில் பூசாதீர்கள். அந்தக் காற்று வாரிக்கொண்டு வரும் புழுதி முழுவதும் ஈர எண்ணெயில் படிந்து உப்புத்தாள் போலாகிவிடும்.

நாளுக்குள்ளும் நேரம் பார்க்கவேண்டும். பனி காய்ந்த பிறகு காலை எட்டு மணி அளவில் தொடங்கி, வெயில் தளத்தில் நேராக விழுமுன் முடித்துவிடுங்கள். சுடும் பலகையில் பூசிய எண்ணெய் உள்ளே இறங்குமுன்பே மேலே கெட்டிப்பட்டுப் பிசினாகிவிடும். உள்ளங்கையைப் பலகையில் வைத்து நிதானமாகப் பத்து எண்ணும்வரை எடுக்காமல் வைத்திருக்க முடியவில்லை என்றால் அன்று அந்த நேரத்தில் பூசக்கூடாது.

பூசும் முறை

புதுத் தளமாக இருந்தால், பலகைகளை அடிக்குமுன்பே ஒவ்வொன்றின் அடிப்பக்கத்துக்கும் பக்கவாட்டுக்கும் ஒரு பூச்சு கொடுத்துவிடுங்கள். மேலே மட்டும் பூசிய பலகை, அடியில் ஈரம் ஏறி இரு ஓரமும் மேலே வளைந்து குழிவாகும். பலகையின் வெட்டுமுனை, தட்டையான பரப்பைவிடப் பல மடங்கு வேகமாகத் தண்ணீரை உறிஞ்சும், ஏனெனில் மரம் உயிரோடு நின்றபோது நீரை மேலே ஏற்றிய நுண்குழாய்கள் அங்கே வாய் திறந்திருக்கின்றன. ஓர் உளியின் நுனியால் பழைய தளங்களின் பலகை முனையைக் குத்திப் பாருங்கள். நடுப்பகுதி கல்லாக இருக்கும்போதே முனை பஞ்சு போல உள்வாங்கும். ஆகவே அறுத்த உடனே ஒவ்வொரு முனைக்கும் எண்ணெய் கொடுத்து, அது குடித்து முடித்தபின் மீண்டும் கொடுத்து, இனி இழுக்காது என்ற நிலை வரும்வரை தொடருங்கள். தளம் போட்ட பிறகு சுவரோரத்தில் சில முனைகள் கைக்கு எட்டாமல் போய்விடும்.

பிறகு தேய்ப்பது. இழைத்த பலகையின் மேற்பரப்பு கண்ணுக்கு அழகாக இருந்தாலும், இழைப்புளியும் இயந்திரமும் நார்களை அழுத்தி மெருகேற்றியிருப்பதால் எண்ணெய் இறங்காது. 60 அல்லது 80 எண் உப்புத்தாளில் தொடங்கி 100 எண்ணுடன் நிறுத்துங்கள். மேசைக்குச் செய்வதுபோல 220, 320 என்று போனால் நுண்துளைகள் அடைபட்டு, எண்ணெய் மேலேயே நிற்கும். எப்போதும் ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். வெறுங்காலோடு நடக்கும் வீட்டில் பலகை ஓரங்களில் சிலாம்பு இல்லாமல் மழுங்கத் தேய்ப்பது அவசியம்; குழந்தைகள் ஓடும் தளமென்றால் கையால் தடவித் தடவிச் சரிபாருங்கள். தேக்குத் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பையும் மூச்சுத் தொல்லையையும் தரும் என்பதால் முகக்கவசம் கட்டாயம்.

தூளைத் துடைத்தபின் ஈரப்பத மானி வைத்துப் பார்த்து, 15 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூசத் தொடங்கலாம். மானி இல்லையென்றால், மழையோ கழுவலோ இல்லாமல் நல்ல வெயிலில் குறைந்தது மூன்று நாட்களாவது மரம் காய்ந்திருக்க வேண்டும். தேக்கில் இயற்கையாகவே ஒரு பிசுக்கு உண்டு. அது புதுப் பூச்சு பிடிப்பதைத் தாமதப்படுத்தும். ஆகவே எண்ணெய் வைப்பதற்குச் சற்று முன்பாக, தின்னர் நனைத்த பருத்தித் துணியால் பலகையைத் துடையுங்கள். துணி மஞ்சளாக வரும். தின்னர் ஆவியானதும் தாமதிக்காமல் பூசுங்கள், மறுநாள் வரை விட்டால் பிசுக்கு மறுபடி மேலே வந்துவிடும்.

டப்பாவை அடிவரை நன்றாகக் கலக்குங்கள், நிறமி அடியில் தங்கியிருக்கும். இரண்டு மூன்று பலகைகளை எடுத்துக்கொண்டு, ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை இடையில் நிற்காமல் பிரஷால் இழுங்கள். பாதிப் பலகையில் நிறுத்தினால் அந்த இடத்தில் பட்டை விழும். இருபது நிமிடம் கழித்துப் பாருங்கள். மரம் குடித்த இடம் மங்கலாகவும், குடிக்காமல் நிற்கும் எண்ணெய் பளபளப்பாகவும் தெரியும். பளபளக்கும் எண்ணெய் முழுவதையும் பனியன் வேஸ்டால் துடைத்து எடுத்துவிடுங்கள். வேலையாட்களிடம் நான் மிகவும் வற்புறுத்துவது இந்த ஒரு படியைத்தான். காசு கொடுத்து வாங்கிய எண்ணெயைத் துடைப்பதா என்ற தயக்கத்தில் விட்டுவிட்டால், அது பிசினாகி, வாரக்கணக்கில் காலில் ஒட்டும். பிறகு தோலாக உரியும். மறுநாள் இரண்டாவது பூச்சு, முன்னதைவிட மெல்லியதாக. அதையும் அதேபோலத் துடைக்க வேண்டும். அடர்ந்த மரத்துக்கு ஒரு லிட்டர் எண்ணெய் ஒரு பூச்சுக்குச் சுமார் 80 முதல் 120 சதுர அடி வரை வரும். மூன்று நாட்கள் நடமாட்டத்தைத் தவிர்த்து, ஒரு வாரம் கழித்து நாற்காலிகளை வையுங்கள்.

துடைத்த துணிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இது உயிர் தொடர்பானது. ஆளிவிதை எண்ணெய் இறுகும்போது வெப்பத்தை வெளியிடும். நனைந்த துணிகளைச் சுருட்டி மூலையில் போட்டால் அந்த வெப்பம் வெளியேறாமல் கூடிக்கொண்டே போய், யாரும் நெருப்பு வைக்காமலே சில மணி நேரத்தில் துணி தானாகப் பற்றிக்கொள்ளும். கூரைக் கொட்டகையிலோ வைக்கோல் போர் அருகிலோ அது நேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு துணியையும் உடனே தண்ணீர் வாளியில் அமிழ்த்துங்கள், அல்லது திறந்தவெளியில் ஒற்றை மடிப்பாக விரித்துக் கெட்டியாகும்வரை காயவிடுங்கள். வேலைக்கு வந்தவர்கள் வீடு திரும்புமுன் நீங்களே எண்ணிப் பார்த்து இதை உறுதி செய்யுங்கள்.

ஆண்டு முழுவதும்

அன்றாடம் ஈர்க்குமாற்றால் கூட்டினாலே பராமரிப்பில் பெரும்பகுதி முடிந்துவிடும். வாரம் ஒருமுறை, சந்தில் சிக்கிய சருகையும் வேப்பம்பழக் கொட்டையையும் மெல்லிய மூங்கில் சிம்பால் நெம்பி எடுங்கள். புளிய இலை மிகச் சிறியது என்பதால் சந்தில் அடைத்து மண்போலக் கெட்டிப்படும். புளியமரம் அருகிலிருந்தால் இந்த வேலையை ஒத்திப்போடாதீர்கள். பூந்தொட்டிகளைக் கால் வைத்த தாங்கியின்மேல் நிறுத்தி, மாதம் ஒருமுறை இடம் மாற்றுங்கள்.

நமது வீடுகளுக்கே உரிய சில வழக்கங்களையும் கவனிக்க வேண்டும். அரிசிமாக் கோலம் எறும்புக்கு உணவு என்பது நல்ல எண்ணமே, ஆனால் மரத்தளத்தில் அது பூஞ்சைக்கும் உணவாகிறது. கல்மாவுக் கோலப்பொடி காலடியில் அரைபட்டு எண்ணெய்ப் பூச்சைத் தேய்க்கிறது. கோலத்தை வாசல் மண்ணிலோ கல் தரையிலோ போட்டுக்கொள்ளலாம். சாணித் தெளிப்பும் தளத்தில் படாமல் இருக்கட்டும். கார்த்திகைக்கு அகல் வைக்கும்போது ஒவ்வொன்றின் அடியிலும் சிறு தட்டோ வாழையிலைத் துண்டோ வைத்தால் எண்ணெய்க்கறையும் தீக்காயமும் விழாது.

ஐப்பசியில் தளத்தில் பச்சையாகப் பாசி படரத் தொடங்கும். கெட்டிப்படுமுன் தேங்காய் நார்ப் பிரஷும், பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரும் போதும். ரேகை வாக்கில் தேய்த்துக் கழுவுங்கள். கெட்டிப்பட்டுவிட்டால் சோடியம் பெர்கார்பனேட் என்ற உயிர்வாயு வெளுப்பானைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, கால் மணி நேரம் விட்டுத் தேய்க்கலாம். பிளீச்சிங் பவுடர் வேண்டாம். அது பாசியைக் கொல்லும், கூடவே மரநாரையும் சிதைத்து மேற்பரப்பைப் பஞ்சாக்கும், எவர்சில்வரையும் அரிக்கும். அதிவேகமாகத் தண்ணீர் பீய்ச்சும் இயந்திரத்தையும் தவிர்ப்பதே நல்லது. மென்மையான நாரைத் தோண்டி, ரேகைகளை வரப்பும் பள்ளமுமாக ஆக்கிவிடும். கழுவும் தண்ணீரும் முக்கியம். கடலோர ஊர்களின் ஆழ்குழாய்த் தண்ணீரில் உப்போ இரும்போ மிகுந்திருந்தால் அதுவே கறையாகப் படியும். பிடித்துவைத்த மழைநீரால் கடைசிக் கழுவலைச் செய்யுங்கள். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையேறிய கஜாவைப் போன்ற புயல் கடந்தபின், கடலோரத் தளங்களை நல்ல தண்ணீரால் உடனே அலசி உப்பை இறக்குவது அவசியம்.

கருத்த ஆணிக்கறைக்கும் வெயிலில் சாம்பலான பலகைக்கும் ஆக்சாலிக் அமிலம் நல்ல மருந்து. ஒரு லிட்டர் வெந்நீருக்குச் சுமார் 100 கிராம் வீதம் பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, முன்பே கழுவிய தளத்தில் பிரஷால் தடவி, இருபது நிமிடம் கழித்துத் தாராளமாகத் தண்ணீர் விட்டு அலசுங்கள்; கறை கண்ணெதிரே வெளுப்பதைப் பார்க்கலாம். இது விஷம். ரப்பர் கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள், குழந்தைகளையும் ஆடுமாடுகளையும் நெருங்க விடாதீர்கள், ஓரத்துச் செடிகளை முன்கூட்டியே தண்ணீரால் நனைத்துவிடுங்கள். பிளீச்சிங் பவுடர் பட்ட இடத்தில் இதை ஒருபோதும் ஊற்றாதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.

மறுபூச்சுக்கு நாள் குறிக்கத் தேவையில்லை, மரத்தையே கேட்கலாம். அதிகம் மிதிபடும் இடத்தில் சில துளி தண்ணீர் விடுங்கள். துளி உருண்டு நின்றால் பூச்சு உயிரோடு இருக்கிறது. ஐந்து நிமிடத்துக்குள் பரவி, பலகை கருத்தால் எண்ணெய் தேவை. திறந்த வெயிலில் கிடக்கும் தளத்துக்குப் பொதுவாக ஆண்டுக்கு ஒரு முறை முழுப்பூச்சும், மழைக்கு முன் படிக்கட்டு, பலகை முனை, நடைபாதை ஆகியவற்றுக்கு மட்டும் ஒரு மெல்லிய பூச்சும் தேவைப்படும். தாழ்வாரத்தின் நிழலில் இருக்கும் பகுதிக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை போதும். தேவைக்கு மேல் எண்ணெய் வைப்பதும் கெடுதலே. பழைய வார்னிஷ் இருக்கும் தளமென்றால், அதை 60 எண் உப்புத்தாளால் மரம் தெரியும்வரை எடுத்தபின்பே எண்ணெய் வைக்க வேண்டும்.

தை பிறந்து மழை முழுவதும் ஓய்ந்ததும், கையில் டார்ச்சுடன் தளத்தின் அடியில் பாருங்கள். பீடத்தின் பக்கவாட்டில் பென்சில் பருமனில் மண்தடம் ஏறியிருந்தால் அது கரையான். தடத்தை உடைத்துவிட்டு, மண்ணுக்கு மருந்தடிப்பவரை வரவழையுங்கள். மரத்தின்மேல் மருந்தைத் தெளிப்பதால் மட்டும் அது நிற்காது. பலகையின் கீழ் மெல்லிய மாவுபோல் கொட்டிக் கிடந்தால் உளு பிடித்திருக்கிறது, பெரும்பாலும் வெள்ளைப் பகுதி கலந்த பலகையாக இருக்கும். தாங்குசட்டத்தின் மேற்பகுதி, பலகை அதன்மேல் அமரும் இடம், எப்போதும் கடைசியில் உலரும். அங்கே உளியால் குத்திப் பார்க்கத் தவறாதீர்கள். புதுத் தளம் போடுவோர் சட்டத்தின் தலையில் தார்ப்பட்டை ஒட்டிவிட்டுப் பலகை அடித்தால் இந்தக் கவலை பெருமளவு குறையும்.

கெட்ட பலகையை மட்டும் கழற்றி மாற்றலாம், அதற்காகவே திருகாணி. தளம் போடும்போதே அதே மரத்தில் அறுத்த பலகைகளில் மூன்று நான்கை, அடிப்பக்கத்துக்கும் முனைகளுக்கும் எண்ணெய் கொடுத்து, பரண்மேல் தட்டையாக அடுக்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் வாங்கும் பலகை தடிமனிலும் ரேகையிலும் பொருந்துவது அரிது. மாற்றிய பலகை முதல் ஆண்டில் தனியாகத் தெரியும். அடுத்த மாசிப் பூச்சில் மற்றவற்றோடு சேர்ந்துவிடும்.